இரவு அழைப்புக்கு யார் விலை கொடுப்பது?

கடந்த மாட்டுப் பொங்கலுக்கு நாமக்கல் மாவட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்குச் சென்றிருந்தேன். அரசுக் கால்நடை மருந்தகம் ஒன்றில் உதவி மருத்துவராகப் பணியாற்றும் என் அண்ணன் மகளும் இரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தாள். பட்டியில் பொங்கல் வைத்து, மாடுகளுக்குப் படையல் ஊட்டி, ஊர் உறங்கச் சென்ற பிறகு, இரவு 11 மணிக்கு அவளுடைய கைப்பேசி ஒலித்தது. பக்கத்து ஊரில் ஒரு கறவை மாடு கட்டை அவிழ்த்துக்கொண்டு போய், விருந்தினருக்காக வடித்து வைத்திருந்த ஒரு குண்டாச் சோற்றையும் தின்றுவிட்டதாம். இப்போது படுத்துவிட்டது, எழுப்பினால் எழவில்லை என்றார்கள்.

"எத்தனை மணிக்குத் தின்றது? எத்தனை படி அரிசிச் சோறு?" என்று மட்டும் கேட்டாள். பகல் இரண்டு மணி, ஏழெட்டுப் படி இருக்கும் என்று பதில் வந்தது. விடுப்பில் இருக்கும்போது போகத்தான் வேண்டுமா என்று நான் கேட்டேன். "பொங்கல் அன்றைக்கு இந்த அழைப்பு வராமல் இருக்காது சித்தப்பா. அதனால்தான் பையை வண்டியிலேயே வைத்திருக்கிறேன்" என்றாள். உறக்கம் வராத வயது எனக்கு; நானும் உடன் சென்றேன்.

சோறு தின்றால் மாட்டுக்கு என்ன ஆகும் என்று நகரத்து வாசகர்கள் கேட்கக்கூடும். மாட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலையும் புல்லையும் மெல்ல மெல்ல நொதிக்கச் செய்து மாட்டுக்கு உணவாக்கித் தருபவை அவைதாம். அங்கே திடீரென்று சோறு குவிந்தால், மாவுச்சத்து அளவுக்கு மீறிய வேகத்தில் நொதித்து லாக்டிக் அமிலமாகிறது. அந்த அமிலம் நல்ல நுண்ணுயிர்களைக் கொன்றுவிடுகிறது. உடலில் உள்ள நீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுக்கிறது. பிறகு ரத்தத்திலும் கலக்கிறது. கண்கள் குழிவிழுந்து, மூக்கு வறண்டு, மாடு தள்ளாடிப் படுக்கிறது. கவனிக்காவிட்டால் ஓரிரு நாளில் மரணம். பாசத்தோடு ஊட்டிய சோறே நஞ்சாகும் இந்தக் கொடுமை, ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் தமிழ்நாட்டின் ஏதாவதொரு கட்டுத்தறியில் நிகழ்கிறது.

அவள் மாட்டின் இடப்புற விலாவுக்குப் பின்னால் நீண்ட ஊசியைச் செலுத்திச் சிறிது நீரை எடுத்து, ஒரு துண்டுச் சோதனைத் தாளை அதில் நனைத்தாள். நிறத்தைப் பார்த்துவிட்டு, "அமிலம் ஐந்துக்குக் கீழே இறங்கிவிட்டது" என்றாள். நல்ல நிலையில் அது ஆறுக்கும் ஏழுக்கும் இடையே இருக்க வேண்டுமாம். அதன்பின் மூன்றரை மணி நேரம், கைப்பேசி விளக்கின் வெளிச்சத்தில், கழுத்து நரம்பில் புட்டி புட்டியாக மருந்துநீர் இறங்கியது. அமிலத்தை முறிக்கும் சோடா உப்பும், பி1 வைட்டமினும், ஒவ்வாமைக்கு எதிரான ஊசியும் அதனுடன் சேர்ந்தன. புட்டியைத் தூக்கிப் பிடிக்கும் வேலை எனக்கு வாய்த்தது. முனைவர் பட்டம் பெற்ற நாளிலிருந்து இத்தனை பயனுள்ள காரியம் எதையும் நான் செய்ததில்லை என்று அப்போது தோன்றியது.

நாய், பூனை, மாடு, ஆடு என எதுவாயினும், உயிர் போகும் தறுவாயில் உள்ள விலங்கைக் காப்பது இன்று மருத்துவத்தில் தனித்துறை. அமெரிக்காவில் விலங்குகளுக்கான அவசர, தீவிர சிகிச்சை நிபுணர்களுக்கென்று 1989-ஆம் ஆண்டிலேயே தனி அமைப்பு அங்கீகரிக்கப்பட்டுவிட்டது. கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றபின் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சி, பிறகு மூன்றாண்டு சிறப்புப் பயிற்சி, அதன்பின் கடினமான தேர்வு ஆகியவற்றைக் கடந்தவரே அங்கு நிபுணர் எனப்படுவார். நம் நாட்டில் பட்டப்படிப்பே பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள். மேற்படிப்பில் அறுவை சிகிச்சை, மருத்துவம், ஈனியல் என்று பிரிவுகள் உண்டு. ஆனால் கிராமத்தில் பணியாற்றும் மருத்துவருக்கு இந்தப் பிரிவுகளால் ஒரு பயனும் இல்லை. இரவில் வரும் அழைப்பு எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்று யார் சொல்ல முடியும்? 1903-இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், 1985-இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரியிலும், பின்னர் வந்த கல்லூரிகளிலும் படித்து வெளியே வந்தவர்களில் பெரும்பகுதியினர் பட்டயம் இல்லாத அவசர நிபுணர்களாகவே வாழ்ந்து ஓய்வு பெறுகிறார்கள்.

அந்த வாழ்க்கையின் இயல்பை, மருந்துநீர் இறங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அவள் பேசிய பேச்சிலிருந்தே அறிந்துகொண்டேன். அவளுக்கு மிகவும் பிடித்தது பால் காய்ச்சல். பெயரில்தான் காய்ச்சல், உண்மையில் உடல் சில்லிட்டுப் போகும். நிறையப் பால் கறக்கும் கலப்பினப் பசு, மூன்றாவது நான்காவது ஈத்தில், கன்று ஈன்ற இரண்டு மூன்று நாள்களுக்குள் திடீரென்று படுத்துவிடும். ரத்தத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் சீம்பாலில் இறங்கிவிட்டதே காரணம். தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, செத்ததுபோல் கிடக்கும். கால்சியம் மருந்தை நரம்பு வழியாக மெல்லச் செலுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் ஏப்பம் விட்டு, சாணம் போட்டு, தானாக எழுந்து நின்று தண்ணீர் தேடும். வீட்டுக்காரர்கள் மருத்துவரைக் கும்பிடுவார்களாம். அதே மருந்தைச் சற்று வேகமாகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். ஆகவே ஒரு கை புட்டியிலும், காது இதயத் துடிப்பிலுமாக அவள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மழை பொய்த்த ஆண்டுகளில் வேறொரு அழைப்பு வரும். வாடிய இளஞ்சோளப் பயிரில் சயனைடு நஞ்சு மிகுந்திருக்கும். மேயப் போன மாடு நுரை தள்ளி, மூச்சுத் திணறி விழும். முறிவு மருந்து உண்டு. ஆனால் மருத்துவர் வந்துசேர எடுக்கும் நேரம்தான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. கன்று குறுக்கே மாட்டிக்கொண்ட சினை மாட்டுக்கு, சேற்றிலும் சாணத்திலும் படுத்துக்கொண்டு, தோள்வரை கையை உள்ளே விட்டு, இரண்டு மணி நேரம் போராட வேண்டியிருக்கும். கருப்பை முறுக்கிக்கொண்டால் மாட்டைக் கட்டி உருட்டுவார்கள். இதற்கு நாலு ஆள் வேண்டும்; அவர்களை இரவில் எழுப்பும் பொறுப்பும் மருத்துவருடையதே.

நகரத்துக் கதை வேறு. கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற ஆழமான மார்புடைய நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் வரும். சில மணி நேரத்தில் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் பிழைக்காது. நல்லெண்ணத்தில் பூனைக்குக் கொடுத்த ஒரு பாராசிட்டமால் மாத்திரையே அதைக் கொன்றுவிடும். பாம்புக்கடிக்கு மனிதருக்குத் தரும் அதே நஞ்சுமுறிவு மருந்துதான் நாய்க்கும். சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுக்கும் நஞ்சு, அந்த மருந்துக்கு மூலப்பொருள்களில் ஒன்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. பாம்பு கடிக்கும்போது ஆள் பெரியவனா, நாய் சிறியதா என்று பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை. ஆகவே எட்டுக் கிலோ நாய்க்கும் மனிதருக்கு ஆகும் அளவு புட்டிகள் தேவைப்படலாம். செலவைக் கேட்டதும் உரிமையாளரின் முகம் மாறுவதைப் பார்ப்பது, நகரத்து அவசர மருத்துவரின் அன்றாடப் பணிகளில் ஒன்று.

இங்கேதான் பொருளியல் நுழைகிறது. மனித மருத்துவத்தில் நோயாளியின் உயிருக்கு விலை இல்லை என்றாவது நாம் பாவனை செய்கிறோம். கால்நடை மருத்துவத்தில் நோயாளிக்குச் சந்தை விலை உண்டு; அது வாரச்சந்தையில் எல்லோருக்கும் தெரிந்த விலை. சிகிச்சைச் செலவு அந்த விலையைத் தாண்டும் இடத்தில் மருத்துவம் நின்றுவிடுகிறது. கலப்பினக் கிடாரிக்குக் கால் முறிந்தால் கட்டுப் போடச் சொல்வார்கள். அதே தொழுவத்தில், அதே தாய்க்குப் பிறந்த காளைக்கன்றுக்குக் கால் முறிந்தால், "விடுங்க டாக்டரம்மா, பார்த்துக்கலாம்" என்பார்கள். உழவுக்கு டிராக்டர் வந்தபின் அந்தக் காளைக்கன்றுக்கு விலை இல்லை. எலும்பு ஒன்றுதான், வலியும் ஒன்றுதான். அந்த வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டு வண்டியில் ஏறும்போது, படித்த படிப்பெல்லாம் எதற்கு என்று தோன்றும் என்றாள் அவள். உரிமையாளர் மீது அவளுக்குக் கோபம் இல்லை. அவர் வீட்டுக் கணக்கு அவளுக்குத் தெரியும்.

குணப்படுத்த வழி தெரிந்திருந்தும், பணம் இல்லை என்பதற்காகவே விலங்கைச் சாகவிடுவதும், சில வேளைகளில் தானே ஊசி போட்டு உயிரை நிறுத்துவதும் இந்தத் தொழிலில் உள்ளவர்களின் மனத்தை எவ்வளவு அரிக்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை. அமெரிக்காவில் 1979 முதல் 2015 வரையிலான இறப்புப் பதிவுகளை ஆராய்ந்து 2019-இல் வெளியிடப்பட்ட ஆய்வு, பொது மக்களோடு ஒப்பிடும்போது தற்கொலையால் இறக்கும் வாய்ப்பு ஆண் கால்நடை மருத்துவர்களிடம் 2.1 மடங்காகவும், பெண் மருத்துவர்களிடம் 3.5 மடங்காகவும் இருந்ததைக் காட்டியது. உயிர்களை நேசித்து இத்தொழிலுக்கு வந்தவர்களின் நிலை இது. உடலுக்கான ஆபத்துகளும் குறைவல்ல. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று கொண்டுவரும் மாட்டின் வாய்க்குள் கையை விடுகிறார் மருத்துவர். நான்கு நாள் கழித்து அது வெறிநோய் என்று தெரியவரும். கன்று வீசிய மாட்டிடமிருந்து புருசெல்லா நோய் தொற்றி, மாதக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சலில் கிடப்பவர்களும் உண்டு.

இந்த இடத்தில் என் பழைய தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990-களில் கல்லூரியில் பொதுநிதியியல் பாடம் நடத்தியபோது, கால்நடை மருத்துவத்தை ஓர் எடுத்துக்காட்டாக ஆண்டுதோறும் சொல்வேன். தடுப்பூசி பொதுநன்மை, ஒரு மாட்டுக்குப் போட்டால் பக்கத்து மாட்டுக்கும் பாதுகாப்பு. ஆகவே அரசு செலவிடலாம். நோயுற்ற மாட்டுக்கான சிகிச்சை தனிநபர் நன்மை. பால் விற்கும் பணம் யாருக்குப் போகிறதோ அவரே செலவையும் ஏற்க வேண்டும். உலக வங்கியின் ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட கட்டுரையிலும் இவ்வாறான பகுப்பே இருந்தது. கரும்பலகையில் இரண்டு கட்டங்கள் வரைந்தால் பாடம் முடிந்துவிடும். மாணவர்களும் தேர்வில் அழகாக எழுதினார்கள்.

அந்தக் கட்டங்களில் காத்திருப்புக்கு இடம் இல்லை. மாட்டுக்குச் செலுத்தும் மருந்தும் மருத்துவரின் மூன்றரை மணி நேர உழைப்பும் தனிநபர் நன்மை என்பது சரியே. ஆனால் இரவு 11 மணிக்கு ஒருவர் கைப்பேசியை அணைக்காமல், வண்டியில் பெட்ரோலும் பையில் மருந்தும் வைத்துக்கொண்டு இருக்கிறார் என்ற நிலை இருக்கிறதே, அது யாருடைய நன்மை? அன்றிரவு மாடு விழாத அத்தனை வீடுகளுக்கும் அது நன்மை. தீயணைப்பு நிலையத்தைப்போல. அமெரிக்கப் பொருளியலாளர் பர்ட்டன் வைஸ்பிராடு 1964-ஆம் ஆண்டிலேயே இதை எழுதிவிட்டார். ஒரு சேவையை ஒருபோதும் பயன்படுத்தாமல் போகக்கூடியவரும், தேவைப்பட்டால் கிடைக்கும் என்ற உறுதிக்கு ஒரு மதிப்பு வைத்திருப்பார். அந்த மதிப்பைக் கட்டணமாக வசூலிக்கச் சந்தையில் வழி இல்லை. ஆகவே சமுதாயத்துக்கு இலாபமான சேவையும் நடத்துபவருக்கு நட்டமாகி மூடப்படலாம். மருத்துவமனையையும் அவர் எடுத்துக்காட்டாகச் சொல்லியிருந்தார். நான் படித்திருந்தேன், பொருத்திப் பார்க்கவில்லை.

சென்னை போன்ற நகரங்களில் இரவு முழுதும் இயங்கும் தனியார் நாய் மருத்துவமனைகள் வரமுடிகிறது. அங்கே இரவுக் கட்டணம் என்று தனியாகக் கேட்டால் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கிராமத்தில் 60,000 ரூபாய்க்கு வாங்கிய மாடுதான் வீட்டின் சேமிப்பு, மகளின் கல்லூரிக் கட்டணம், மளிகைக் கடன், எல்லாமே. அது செத்தால் குடும்பம் ஓராண்டு பின்னால் போகும். ஆனாலும் அங்கே தனியார் யாரும் இரவுக் கடை திறந்து உட்கார மாட்டார்கள். தேவை எங்கே அதிகமோ அங்கே சந்தை இல்லை.

காப்பீடு உண்டே என்பார்கள். அரசு மானியத்துடன் காப்பீடு உண்டு. காதில் வில்லை மாட்டிய மாட்டுக்கே அது செல்லும். பொதுவாக அது மாடு இறந்தபின் பணம் தரும் காப்பீடு. பிழைக்க வைக்க ஆகும் செலவை அது தருவதில்லை. செத்தால் பணம், பிழைத்தால் கடன் என்ற ஏற்பாட்டை வகுத்தவர்கள் என்னைப் போன்ற பொருளியல் ஆசிரியர்களிடம்தான் படித்திருக்க வேண்டும்.

மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நடத்தும் நடமாடும் மருத்துவ ஊர்தித் திட்டம் பாராட்டத்தக்கது. 1962 என்ற எண்ணை அழைத்தால் மருத்துவரோடு வண்டி வாசலுக்கு வருகிறது. ஆனால் அந்தத் திட்டத்தின் அளவுகோல் ஒரு லட்சம் கால்நடைக்கு ஓர் ஊர்தி. ஒரே இரவில் இரண்டு ஊர்களில் மாடு விழுந்தால் அது எங்கே போகும்? தேசிய வேளாண்மை ஆணையம் 1976-இல் பரிந்துரைத்தது 5,000 கால்நடை அலகுக்கு ஒரு மருத்துவர். 2019-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் மட்டும் சுமார் 95 லட்சம். எருமை, வெள்ளாடு, செம்மறி, கோழி எதையும் சேர்க்காமலேயே ஏறக்குறைய 1,900 மருத்துவர்கள் வேண்டும் என்றாகிறது. அத்தனை பேரும் இருந்தாலும், மருந்தகம் என்பது பகல் நேர நிறுவனம். பகலில் தடுப்பூசி, சினை ஊசி, கணக்கெடுப்பு, முகாம், அறிக்கை எல்லாம் முடித்த அதே மருத்துவர்தான் இரவு அழைப்பையும் ஏற்கிறார். இன்றைய இரவுச் சேவை அவருடைய சொந்த நல்லெண்ணத்தில் நடக்கிறது. பெட்ரோலும் பெரும்பாலும் சொந்தப் பணம்.

இதற்குப் பெரிய புரட்சி எதுவும் தேவையில்லை. ஒன்றியம் ஒன்றுக்கு உள்ள மருத்துவர்களிடையே முறை வைத்து, வாரத்துக்கு ஒருவர் இரவுப் பொறுப்பு ஏற்கலாம். பொறுப்பேற்றவருக்கு அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் படி தர வேண்டும். அழைப்புக்கு இவ்வளவு என்று தருவதைவிடக் காத்திருப்புக்கு இவ்வளவு என்று தருவதே முறை. மறுநாள் பகல் ஓய்வு வேண்டும். ஓர் உதவியாளரும் ஓட்டுநரும் உடன் செல்ல வேண்டும். ஒரு பெண் மருத்துவர் நள்ளிரவில் தனியாக அறிமுகமில்லாத தோட்டத்துக்குச் செல்லும் நிலையைத் துணிச்சல் என்று புகழ்வதோடு நாம் நிறுத்திக்கொள்வது வெட்கக்கேடு. கால்சியம், மருந்துநீர், நஞ்சுமுறிவு ஆகியவை அந்தப் பையில் எப்போதும் இருக்க வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் லிட்டருக்குச் சில காசுகள் பிடித்து இதில் பங்கேற்கலாம். மாடு விழாதவரும் கொடுப்பார் அல்லவா, அதுதான் இங்கே தேவை.

அன்று அந்த மாடு விடியற்காலை மூன்று மணிக்குத் தலையை நிமிர்த்தியது. எழவில்லை. குறைந்தது ஒரு நாளுக்குத் தீனி வைக்க வேண்டாம், தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள், மத்தியானம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் கை கழுவினாள். எவ்வளவு தரவேண்டும் என்று கேட்ட விவசாயியிடம், வெளியில் வாங்கிய மருந்துக்கு மட்டும் கணக்குச் சொன்னாள். தன் நேரத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. மறுநாள் ஒரு நல்ல மாட்டின் வாயிலிருந்து அசைபோட்ட உருண்டையை எடுத்து, இந்த மாட்டுக்குப் புகட்டினாள். இறந்துபோன நுண்ணுயிர்களுக்கு ஈடாக உயிருள்ளவற்றைக் குடியேற்றுவதாம். நான்காம் நாள் மாடு அசை போடத் தொடங்கியது. பால் பாதிக்குத்தான் திரும்பியிருக்கிறது என்று போன வாரம் தொலைபேசியில் சொன்னாள். பேசிக்கொண்டிருக்கும்போதே, "இன்னொரு அழைப்பு வருகிறது சித்தப்பா, பிறகு பேசுகிறேன்" என்று வைத்துவிட்டாள். அப்போது மணி இரவு ஒன்பதே முக்கால்.